வரிசையில் நின்ற போத்தல்கள்

1

இந்த ஐப்பசி பிறந்தால் நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி சிங்கப்பூரில் வந்து இறங்கிப் பத்து வருஷம். அதைக் கொண்டாட எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவன் மச்சான் சூசை, என் மனைவி அருளாயிக்கு அண்ணன். நலம் விசாரித்ததெல்லாம் மேலே ரெண்டு வரி. அதற்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறான்:

“மாப்பிள்ளை, ஊரில் உங்களைப் பற்றி ஒரு மாதிரியாகப் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் குடித்துவிட்டுத் துரையின் போத்தலைத் திருடினீர்களாம், அதனால் சர்க்கார் வேலை போய்விட்டதாம். அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். கோயில் வாசலில் நாலு பேருக்குப் படித்துக் காட்டிவிடுகிறேன்.”

நல்லவன் சூசை. ஆனால் ஒரு வரியில் அடங்குகிற சங்கதியா இது? நான் குடிக்கவில்லை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் நாக்கில் பட்ட கடுஞ்சரக்கு, என்னோடு வேலை பார்த்த காசிம் பாய் போட்டுத் தரும் இஞ்சித் தேநீர்தான். வேலை போனது வாஸ்தவம். போத்தலை எடுத்ததும் வாஸ்தவம். நம் ஊரில் சீசா என்போமே, அதற்கு இங்கே போத்தல் என்று பேர். துரையின் மேஜை மேலிருந்து, துரையின் கண் முன்னாலேயே எடுத்தேன். இன்றைக்குத் திரும்ப அந்த அறையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் எடுப்பேன்.

ஆகவே சூசை, ஒரு வரி எழுத மாட்டேன். முழுக்க எழுதுகிறேன். படிப்பதானால் முழுக்கப் படி.

2

சிங்கப்பூர் என்றால் ஒழுங்கு என்று ஊரில் வாயைப் பிளக்கிறீர்களாம். ஒழுங்குதான், யார் இல்லை என்றது? மின்சார டிராம் தண்டவாளத்தில் கணகணவென்று வருகிறது. தெருவுக்குத் தெரு குழாயில் தண்ணீர். தபால் ஆபீஸில் கடிதத்துக்கு ஒரு ஜன்னல், பார்சலுக்கு ஒரு ஜன்னல், எதற்கு எது என்று தெரியாமல் விழிக்கிறவனை விரட்ட ஒரு சேவகன்.

பத்து வருஷமாக நான் இந்த ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒரே உயரம், ஆறடி துரை குனியாமல் பேசுவதற்கு வாகான உயரம். நம் ஆள் வந்தால் எக்கி நின்று மோவாயைக் கட்டையில் வைத்துப் பேச வேண்டும். பெண்பிள்ளை வந்தால் உள்ளே இருப்பவனுக்குத் தெரிவது உச்சிமண்டை மட்டும். வெளியே ஒரு பெஞ்சு கிடையாது. வெயிலுக்கு ஒரு தாழ்வாரம் கிடையாது. இந்த ஜன்னலை வைத்த மகானுபாவன் ஒருநாளாவது அதற்கு வெளியே காத்து நின்றிருப்பானா? சத்தியமாக இல்லை.

டிராம் விட்ட புதிதில் ஒரு வேடிக்கை. நம் கட்டட வேலைக்காரர் ஒருவர், நல்ல வயசாளி, டிராம் வந்து நின்றதும் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு ஏறினார். பளபளவென்று பித்தளைக் கம்பியும் மெழுகிட்ட பலகையுமாக இருக்கிற இடத்துக்குச் செருப்போடு போவதாவது? டிராம் கிளம்பிவிட்டது, செருப்பு தெருவிலேயே நின்றது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மனுஷர் ஒரு மரியாதையோடு ஏறினார். டிராமுக்குத்தான் அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

3

நான் வேலை பார்த்தது ஓர் இலவச மருந்துச்சாலையில். சிராங்கூன் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். எனக்கு அங்கே கிராணி உத்தியோகம். கிராணி என்றால் குமாஸ்தா. ஜன்னலுக்குள் உட்கார்ந்து பேரும் வியாதியும் எழுதிச் சீட்டுக் கொடுப்பேன். சீட்டை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். அவர் பார்த்து எழுதியதை கம்பவுண்டர் கலக்கி ஊற்றித் தருவார். காலை எட்டுக்கு ஜன்னல் திறக்கும், பகல் பன்னிரண்டுக்கு மூடும். போத்தலை அவரவர்தான் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கிடையாது. அது சட்டம்.

இந்தச் சட்டத்திலிருந்து நம் ஜனங்கள் ஒரு காரியம் கண்டுபிடித்தார்கள். எவர் முதலில் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது நடந்துகொண்டிருந்தது.

தெருக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் வீட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள் இல்லையா? அதே மாதிரிதான். ஆறு மணிக்கு வருகிறவர் போத்தலை ஜன்னலுக்கு நேர் கீழே வைப்பார். அடுத்தவர் அதற்குப் பின்னால். வைத்துவிட்டு எதிரே இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விடுவார்கள். காய்ச்சல்காரன் துண்டை விரித்துப் படுப்பான், பிள்ளைக்காரி பால் கொடுப்பாள், இருமுகிறவர் நிம்மதியாக இருமுவார். வெயிலில் நிற்பதெல்லாம் போத்தல்தான். அதற்கென்ன காய்ச்சலா, தலைவலியா?

எந்தப் போத்தல் யாருடையது என்று குழப்பமே வராது. ஒன்றின் கழுத்தில் மஞ்சள் கயிறு, ஒன்றில் கிழிந்த சேலைக்கரை, ஒன்றில் சுண்ணாம்புப் பொட்டு மூன்று. மலாய்க்காரம்மா ஒருத்தி பனையோலையில் முடிச்சுப் போட்டு வைப்பாள். சீனத்து ரிக்‌ஷாக்காரர்கள் முதலில் இதைப் பார்த்து முறைத்தார்கள். ஒரு மாசம் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, அவர்களும் சிவப்புக் காகிதம் ஒட்டிய போத்தலை வைத்துவிட்டு மரத்தடியில் வந்து குந்திக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு நயம் இருக்கிறது. கல்லுடைக்கிற இடத்தில் கை நசுங்கிய ஒருவனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வையுங்கள். மரத்தடியில் யாராவது ஒருவர் எழுந்து போய் அவன் போத்தலை முதலில் நகர்த்தி வைப்பார். ஒருத்தர் முணுமுணுக்க மாட்டார். நிழலில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தாராளம் வரும். மூன்று மணி நேரம் வெயிலில் வெந்தவனிடம் போய், “அண்ணே, இவரை முன்னால் விடுங்க” என்று சொல்லிப் பாருங்கள்! அத்தனை வருஷத்தில் ஒரே ஒருத்தன், மாட்டுக்கொட்டகை ஆள், போத்தலை மாற்றி வைத்து மாட்டிக்கொண்டான். மரத்தடி மொத்தமும் சேர்ந்து அவனைக் கடைசிக்கு அனுப்பியது. போலீஸ் வரவில்லை, சட்டமும் வரவில்லை.

4

பிறகு புதுத் துரை வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். வேலைக்கு முந்தி வருவார், பிந்திப் போவார். பதினொரு மணிக்கு எலுமிச்சை சர்பத் குடிப்பார். ஆனால் ஒருநாள் அவருக்கும் மேலே ஒரு பெரிய துரை மேற்பார்வைக்கு வந்து, வாசலில் நின்ற போத்தல்களைப் பார்த்து, “இது சர்க்கார் மருந்துச்சாலையா, கள்ளுக்கடையா?” என்று கேட்டுவிட்டார். நம் துரைக்கு முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

அன்றைக்கே உத்தரவு. திங்கட்கிழமை முதல் ஆள்தான் வரிசையில் நிற்க வேண்டும். போத்தல் நின்றால் எடுத்துக் கூடையில் போடப்படும். வரிசையில் உட்கார்ந்தால் இடம் போய்விடும். இதை நாலு பாஷையில் எழுதி ஒட்ட வேண்டும்.

தமிழில் எழுதியது நான். ஒளித்து என்ன ஆகப்போகிறது? முத்து முத்தாக எழுதினேன். எழுத்து அழகாக இருக்கிறதென்று துரை மெச்சியபோது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே ஓர் அறை அறையலாம் போலிருக்கிறது.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மகள் பிலோமினாவுக்குப் பதினொரு வயது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். தெருவில் மலாய், பள்ளியில் இங்கிலீஷ், தமிழ் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்.

“துரை சொன்னது கரெக்ட்தானேப்பா. ஸ்கூல்ல நாங்க லைன்லதான் நிக்கிறோம். போத்தல வெச்சிட்டு மரத்தடியில படுத்திருக்கிறது மலு லா.”

மலு என்றால் மலாயில் வெட்கம். நம் ஜனங்களைப் பார்த்து வெட்கப்படுவதற்கு என் பிள்ளைக்குத் தமிழில் வார்த்தைகூட அகப்படவில்லை.

“காய்ச்சக்காரன் எப்படிம்மா நிப்பான்?” என்றேன்.

“எல்லாரும் நிக்கிறாங்க இல்ல?”

அருளாயி சோற்றைப் பரிமாறியபடி, “அவ கேக்குறது இருக்கட்டும். நோட்டீசு எழுதினது யாருங்க?” என்றாள். நான் குனிந்து சாப்பிட்டேன்.

5

திங்கட்கிழமை விடிந்தபோது வாசலில் வழக்கம்போலப் போத்தல்கள் நின்றன. நோட்டீசை யார் படிப்பது? படிக்கத் தெரிந்தவன் ஏன் இலவச மருந்துக்கு வருகிறான்?

சேவகன் காசிம் பாய் நாகூர்க்காரர், நம் ஊர்ப்பக்கம். கூடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என்ன கிராணியாரே, எடுக்கவா?”

“உத்தரவு பாய்.”

“உத்தரவு எனக்கும் தெரியும். உங்கள கேக்குறேன்.”

நான் பேரேட்டைப் புரட்டினேன். அவர் எடுத்தார். கண்ணாடிச் சத்தம் கேட்டதும் மரத்தடி மொத்தமும் எழுந்து ஓடி வந்தது. காய்ச்சல்காரன், கட்டுப்போட்ட காலோடு ஒருத்தன், பிள்ளைக்காரிகள், எல்லாரும் கூடைக்குள் கைவிட்டார்கள். இழுபறியில் ஒரு போத்தல் கீழே விழுந்து சிதறியது. கழுத்தில் பச்சை நூல் சுற்றிய போத்தல்.

அது வீராயியுடையது. செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். மூன்று நாளாகப் பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல். இருட்டோடு நடக்க ஆரம்பித்தவள், அன்றைக்கு மூன்றாவதாக வைத்திருந்தாள். கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கடைசியில் போய் நின்றாள்.

பத்து மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு தடவை காலை மடக்கி உட்கார்ந்தாள், இரண்டு தடவையும் இடம் போனது. வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்த துரைதான் விரலை நீட்டிப் பின்னால் போகச் சொன்னார். நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தேன். பேர் எழுதினேன், சீட்டுக் கொடுத்தேன், மறுபடி பார்த்தேன். பிள்ளையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. முதலில் அழுதுகொண்டிருந்தது. பிறகு அழவில்லை.

என் ஜன்னலுக்கு அவள் வந்தபோது பன்னிரண்டாக ஐந்து நிமிஷம். அவள் கையில் எங்கேயோ பொறுக்கிய ஒரு கொட்டாங்கச்சி. குழாயில் கழுவியிருந்தாள், சொட்டிக்கொண்டிருந்தது.

“சாமி, போத்தலு உடஞ்சு போச்சு. இதுல ஊத்திக் குடுக்கச் சொல்லுங்க சாமி. சிந்தாம கொண்டு போயிருவேன்.”

கம்பவுண்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். “போத்தல் இல்லாம நான் எப்படிக் குடுக்கறது? மூணு நாளைக்குன்னு டாக்டர் எழுதுவாரு, வேளைக்கு ஒரு மடக்கு. கொட்டாங்கச்சியில குறி போட முடியுமா?” அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அளவு தப்பினால் கொய்னா மருந்து பிள்ளைக்கு ஆகாது.

அதற்குள் துரை உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னிரண்டு. ஜன்னலை மூடு” என்றார்.

6

சூசை, இதற்குமேல் நிறுத்திப் படி.

துரையின் மேஜையில் சர்பத் போத்தல் இருந்தது. கெட்டிக் கண்ணாடி, நல்ல கார்க்கு. அடியில் ஒரு மடக்கு மிச்சம். நான் எழுந்து போய் அதை எடுத்தேன். மிச்சத்தைத் துரையின் பூந்தொட்டியில் ஊற்றினேன். வெந்நீரில் மூன்று தரம் கழுவினேன். என் மேஜையில் காகிதக் கட்டுகளைக் கட்டுகிற சிவப்பு நாடா கிடந்தது. அதில் ஒரு முழம் கிழித்துப் போத்தலின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டேன். அவளுடைய பச்சை நூல் தெருவில் கண்ணாடிக்குள் கிடந்ததே, அதற்குப் பதிலாக. பிறகு அந்தப் போத்தலைக் கொண்டுபோய் ஜன்னல் கட்டையில், எல்லாரும் பார்க்க, நிறுத்தினேன்.

“அது என் போத்தல்” என்றார் துரை. கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது அவர் குரலில்.

“ஆமாம் துரை. இப்போது வரிசையில் நிற்கிறது.”

“ஜன்னலை மூடு என்றேன்.”

“போத்தல் நிற்கும்போது மூட முடியாது.”

என் இங்கிலீஷ் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. பத்து வருஷத்தில் துரையிடம் ‘யெஸ் சார்’ சொல்லத்தான் அதிகம் பழக்கம். அன்றைக்கு ‘நோ’ என்பது அவ்வளவு லேசாக வாயிலிருந்து விழும் என்று நானே நினைக்கவில்லை.

துரை தாமே வந்து ஜன்னல் கதவைப் பிடித்து இழுத்தார். நான் பேரேட்டுப் புத்தகத்தைக் கதவுச் சட்டத்துக்கு நடுவே செருகினேன். தடிப் புத்தகம். இத்தனை வருஷம் எழுதியதில் அன்றைக்குத்தான் அது உருப்படியாக ஒரு காரியம் செய்தது. காசிம் பாய் ஓசைப்படாமல் டாக்டர் அறைக் கதவைத் திறந்தார். வீராயி பிள்ளையோடு உள்ளே போனாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிரமம் என்றார். கம்பவுண்டர் கலக்கி ஊற்றி, காகிதத்தைப் பல்லுப்பல்லாக வெட்டிப் போத்தலில் அளவுக் குறி ஒட்டினார். வீராயி போகும்போது என்னை நின்று பார்த்தாள். போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

அன்று மாலையே எனக்குக் கடுதாசி கிடைத்தது. அதிகாரியின் போத்தலை அனுமதி இல்லாமல் எடுத்தது ஒரு குற்றம், உத்தரவை மீறியது ஒரு குற்றம், இனி வர வேண்டாம். பூந்தொட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை. இதுதான் சூசை, கடல் தாண்டி உங்களிடம் வருவதற்குள் குடியாகவும் திருட்டாகவும் ஆகியிருக்கிறது.

7

இப்போது ஆற்றோரம் ஓர் அரிசிக் கிட்டங்கியில் மூட்டைக்குக் குறி போடுகிறேன். சர்க்கார் உத்தியோகக் கோட்டு பெட்டிக்குள் இருக்கிறது. அருளாயி அதை அந்துருண்டை போட்டு மடித்து வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாடகை குறைந்த அறைக்கு மாறினோம். ஆனால் ஒரு நாளாவது, “ஏங்க அப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டதில்லை.

மருந்துச்சாலைத் தெருப்பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. வீம்புதான். அங்கே ஜனங்கள் வெயிலில் நிற்பதைப் பார்க்கிற தெம்பும் எனக்கு இல்லை.

போன வாரம் எனக்கே காய்ச்சல் வந்துவிட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. அருளாயியால் என்னை விட்டு நகர முடியவில்லை. சனிக்கிழமை, பள்ளி இல்லை. பிலோமினாவிடம் ஒரு போத்தலைக் கொடுத்து, அப்பாவால் எழுந்து வர முடியவில்லை என்று டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கி வரச் சொன்னாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வெயிலில் பிள்ளை நிற்கும், நான் எழுதிய நோட்டீசுக்குக் கீழேயே நிற்கும் என்று புரண்டு புரண்டு படுத்தேன்.

பதினொரு மணிக்கு வந்தாள். முகத்தில் வியர்வை இல்லை. கையில் மருந்து. போத்தலின் கழுத்தில் அவள் பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகிற நீல ரிப்பன், பூ முடிச்சாகக் கட்டியிருந்தது.

“எத்தன நேரம்மா நின்னே?” என்று கேட்டேன்.

“நான் எதுக்குப்பா நிக்கணும்? போத்தல்தான் நின்னுச்சே.”

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“காசிம் மாமா சொன்னாங்க. நீங்க வேலய விட்டு வந்த மறுநாளு எல்லாரும் திரும்பப் போத்தல வெச்சாங்களாம். துரை எடுக்கச் சொன்னாராம். மாமா கூடைய கீழ வெச்சிட்டு, ‘நீங்களே எடுங்க துரை’ன்னாங்களாம். அவரு அவ்ளோ போத்தலயும் பாத்துட்டு உள்ள போயிட்டாராம். நோட்டீசு இன்னும் இருக்கு. ஆனா அதுக்குக் கீழயேதான் போத்தல் நிக்குது.”

“நீ எங்கேம்மா இருந்தே?”

“மரத்தடியில. ஒரு அம்மா, அவங்க போத்தல்ல சிவப்பு நாடா கட்டியிருந்துச்சு, மடியில குட்டிப் பையன், ஓயாம என் ரிப்பனப் பிடிச்சு இழுத்தான். ‘யாருக்கு மருந்து?’ன்னு கேட்டாங்க. அப்பாவுக்குன்னேன். ‘அப்பா யாரு?’ன்னாங்க. சொன்னேன். எழுந்து போயி என் போத்தல எடுத்து முதல்ல வெச்சிட்டாங்கப்பா. அத்தன பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”

“ரிப்பன்?”

“நம்ம போத்தல்னு தெரிய வேணாமா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நம்ம என்றாள். நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதேன். காய்ச்சல் என்று அருளாயி நினைத்திருப்பாள்.

சூசை, கோயில் வாசலில் இதைச் சத்தமாகப் படி. துரையின் போத்தலை எடுத்தானாமே என்று எவனாவது கேட்டால் மறுத்துப் பேசாதே. ஆமாம் என்று சொல். எதற்கு எடுத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்.